மாஸ்டர் பதில்கள்: ஜெயித்தாலும் கணக்கில் கழிப்பார்களா?

கேள்வி (ஆம்பூரிலிருந்து, தோல் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்ற வாசகர்): மாஸ்டருக்கு வணக்கம். ஹூஸ்டனில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மாப்பிள்ளை அமெரிக்கக் கால்பந்து பார்க்க உட்கார்ந்துவிடுவார். வேறு வழியில்லாமல் நானும் பார்த்தேன். நடுவர் தீர்ப்பு தப்பு என்று பட்டால் பயிற்சியாளர் ஒரு சிவப்புத் துணியை மைதானத்தில் எறிகிறார். வீடியோவைப் பார்க்கிறார்கள். அவர் சொன்னது சரி என்றால் தீர்ப்பு மாறுகிறது, இல்லையென்றால் அவருடைய டைம் அவுட் ஒன்று போய்விடுகிறது. அதுவும் ஆட்டத்துக்கு இரண்டு முறைதானாம். "இரண்டு அணிக்கும் ஒரே விதி, இதில் என்ன அநியாயம்?" என்கிறார் மாப்பிள்ளை. எனக்கு மனம் ஒப்பவில்லை. மாப்பிள்ளையிடம் மல்லுக்கு நிற்க முடியுமா? நீங்கள் சொல்லுங்கள்.

பதில்: நீங்கள் சொல்லத் தயங்குவதைச் சொல்ல என்னை முன்னால் தள்ளுகிறீர்கள். பரவாயில்லை. அவர் ஹூஸ்டனில், நான் காட்பாடியில்.

இரண்டு அணிக்கும் ஒரே விதிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதை யோசித்துப் பாருங்கள். ரேஷன் கடையில் எடை குறைகிறது என்று புகார் கொடுக்கிறீர்கள். அதிகாரி வந்து நிறுத்துப் பார்க்கிறார். அரைக் கிலோ குறைவு. குறைந்த அரிசியைக் கொடுத்துவிடுகிறார்கள். நீங்கள் பையைத் தூக்கும்போது, "பெரியவரே, இந்த வருஷத்துக்கு உங்களுக்கு இன்னும் ஒரு புகார்தான் பாக்கி" என்கிறார்கள். ஊரில் எல்லா அட்டைக்கும் இதே விதிதான் என்று சொன்னால் உங்கள் கோபம் தணியுமா? தோற்ற முறையீட்டுக்கு டைம் அவுட்டைப் பிடுங்குவதை நான் குறை சொல்லமாட்டேன். ஜெயித்த முறையீட்டையும் கணக்கில் கழிக்கிறார்களே, அதுதான் உறுத்துகிறது.

அந்த ஆட்டம் தெரியாத வாசகர்களுக்காக, அவர்களுடைய பெரிய லீக்கான என்.எஃப்.எல். வைத்திருக்கும் விதியைச் சொல்லிவிடுகிறேன். விதிப் புத்தகம் படிப்பது எனக்குப் பொழுதுபோக்கு. இதில் என்ன சுகம் என்று என் மனைவி நாற்பது வருஷமாகக் கேட்கிறாள். ஆட்டம் 60 நிமிடம். ஒவ்வொரு பாதிக்கும் அணிக்கு 3 டைம் அவுட். ஆட்டம் முழுவதற்கும் 2 முறையீடு. 2023 வரை அந்த இரண்டிலும் ஜெயித்தால்தான் மூன்றாவது கிடைக்கும். 2024 முதல் இரண்டில் ஒன்று ஜெயித்தாலே மூன்றாவது உண்டு. மூன்றிலும் ஜெயித்தாலும் நான்காவது கிடையாது. நடுவர்கள் ஓர் அணிக்கு எதிராக நான்கு முறை தப்பு செய்தால், நான்காவதை அந்தப் பயிற்சியாளர் விழுங்கிக்கொள்ள வேண்டியதுதான். கிரிக்கெட்டில் அப்படி இல்லை, வாலிபாலில் இல்லை. அங்கெல்லாம் தோற்ற முறையீட்டை மட்டும்தான் எண்ணுகிறார்கள்.

டைம் அவுட் போனால் என்ன குடிமுழுகிவிடும் என்று நம்மவர்கள் கேட்பார்கள். கபடி பார்த்தவர்களுக்குச் சுலபமாகப் புரியும். முன்னிலையில் இருக்கும் அணியின் ரெய்டர், கடைசி நிமிடங்களில் எதிரணியைத் தொடவே போகாமல் 30 விநாடியையும் நின்று கரைப்பான், இல்லையா? அமெரிக்கக் கால்பந்திலும் முன்னிலையில் இருக்கும் அணி கடிகாரத்தை அப்படித்தான் ஓடவிடும். பின்தங்கிய அணி அதை நிறுத்தக் கையில் வைத்திருக்கும் ஆயுதம் டைம் அவுட். முதல் பாதியில் ஒன்றை இழந்தால் பெரிதாக வலிக்காது. இரண்டாம் பாதியில் இழந்தால், ஆட்டத்தின் கடைசி இரண்டு நிமிடத்தில் வயிற்றைக் கலக்கும். இன்னொன்று: கையில் டைம் அவுட் இல்லாதவர் முறையிடவே முடியாது. பணயம் வைக்கக் காசில்லாதவனுக்கு வழக்காடும் உரிமையும் இல்லை என்பது போல.

இதைவிட எனக்குப் பிடிக்காதது ஒன்று இருக்கிறது. வீடியோ பார்த்து மூன்று விதமாக முடிவு சொல்கிறார்கள். நடுவர் சொன்னது சரி; நடுவர் சொன்னது தப்பு; எதுவும் தெளிவாகத் தெரியவில்லை, ஆகவே மைதானத் தீர்ப்பே நிற்கும். இந்த மூன்றாவது முடிவில் பயிற்சியாளர் தப்பாகச் சொன்னார் என்று யாரும் நிரூபிக்கவில்லை. காமிராவுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். பத்து வீரர்களின் உடம்புக்கு அடியில் பந்து கிடந்தால் எந்தக் காமிராவுக்குத் தெரியும்? ஆனாலும் டைம் அவுட் போய்விடும், முறையீடும் போய்விடும். கிரிக்கெட்டில் "அம்பயர்ஸ் கால்" என்று வந்தால் என்ன நடக்கிறது? தீர்ப்பு மாறாது, ஆனால் அணியின் ரிவியூ அணியிடமே இருக்கும். ஆரம்பத்தில் கிரிக்கெட்டிலும் அதைப் பறித்துக்கொண்டுதான் இருந்தார்கள், பிறகு திருத்திக்கொண்டார்கள். அமெரிக்கர்கள் இந்த ஒன்றை நம்மிடமிருந்து கற்றுக்கொள்ளலாம்.

அடுத்தது அவசரம். அடுத்த பந்து ஆட்டத்துக்கு வருவதற்குள் துணியை எறிந்தாக வேண்டும். தப்பான தீர்ப்பால் லாபம் அடைந்த அணிக்கு இது தெரியாதா? ஓடிவந்து வரிசையில் நின்று, பயிற்சியாளர் யோசிப்பதற்குள் ஆட்டத்தைத் தொடங்கிவிடப் பார்க்கும். அடுத்த முறை பார்க்கும்போது கவனியுங்கள். ஓர் அணி காரணமில்லாமல் பதறிப் பதறி வரிசைக்கு ஓடினால், ஏதோ திருட்டு மாங்காய் மடியில் இருக்கிறது என்று பொருள்.

மாப்பிள்ளையிடம் கேட்க ஒரு கேள்வி தருகிறேன். ஒவ்வொரு பாதியின் கடைசி 2 நிமிடத்திலும், கூடுதல் நேரத்திலும் பயிற்சியாளர் துணி எறியவே கூடாது. அப்போது மேலே அறையில் இருக்கும் ரீப்ளே அதிகாரியே பார்த்து ஆட்டத்தை நிறுத்துவார். யாருக்கும் டைம் அவுட் செலவு இல்லை. புள்ளி எடுத்த நகர்வுகளை 2011 முதலும், பந்து எதிரணியிடம் கை மாறிய நகர்வுகளை 2012 முதலும் எந்த நேரத்திலும் அவர்களே பார்த்துவிடுகிறார்கள். ஆக, தப்பைத் திருத்துவது லீக்கின் வேலை என்று அவர்களே ஒப்புக்கொண்டாயிற்று. அப்படியானால் 57-வது நிமிடத்தில் நடந்த தப்புக்குப் பயிற்சியாளர் பணயம் வைக்க வேண்டும், 58 தாண்டினால் இலவசம் என்பது என்ன கணக்கு? 2021 முதல் மேலே இருப்பவர்கள் வெட்டவெளிச்சமான சிலவற்றைக் கீழே இருக்கும் நடுவரின் காதில் உடனே சொல்லலாம் என்று தளர்த்தியிருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் எதைச் சொல்வார்கள், எதைச் சொல்லமாட்டார்கள் என்று பயிற்சியாளர் எப்படி அறிவார்? பொறுத்திருப்பதா, எறிவதா?

மாப்பிள்ளை ஹூஸ்டன்காரர் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2012 நவம்பர் 22, அவர்களுடைய நன்றி நவிலும் நாள். டெட்ராய்ட் லயன்ஸ் அணியோடு ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் மோதியது. ஹூஸ்டனின் ஜஸ்டின் ஃபோர்செட் பந்தோடு ஓடும்போது மறித்து விழவைத்தார்கள். முட்டி தரையில் பட்டது. அத்தோடு அந்த ஓட்டம் முடிந்திருக்க வேண்டும். விசில் வரவில்லை, அவர் எழுந்து ஓடினார், 81 கெஜம், எல்லைக் கோட்டைத் தாண்டி டச் டவுன், அதாவது புள்ளி. பார்த்தவர்கள் எல்லோருக்கும் தப்பு தெரிந்தது. டெட்ராய்ட் பயிற்சியாளர் ஜிம் ஷ்வார்ட்ஸ் கோபத்தில் சிவப்புத் துணியை எறிந்தார். வினை அங்கேதான். புள்ளி எடுத்த நகர்வு என்பதால் அதை எப்படியும் தானாகவே பார்த்திருப்பார்கள். பார்க்கப் போகிறவர்களிடம் பார் என்று சொல்வது அன்றைய விதிப்படி குற்றம். தண்டனை 15 கெஜம். அதோடு விட்டார்களா? துணி எறிந்ததால் அந்த நகர்வை ரீப்ளேயில் பார்க்கவும் கூடாது! டச் டவுன் நின்றது. கடைசியில் கூடுதல் நேரத்தில் ஹூஸ்டன் 34-31 என்று ஜெயித்தது. அடுத்த பருவத்திலேயே விதியை மாற்றினார்கள். இப்போது கூடாத நேரத்தில் எறிந்தால் டைம் அவுட் போகும், ஆனால் ரீப்ளே நடக்கும். மாப்பிள்ளைக்கு அந்த ஆட்டம் நினைவிருக்கும். இருந்தும் உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார்.

எதிர்த்தரப்பையும் சொல்லாவிட்டால் நான் நடுவராக இருந்ததற்குப் பொருளில்லை. அவர்கள் 1986-லேயே ரீப்ளேயைக் கொண்டுவந்தார்கள். பயிற்சியாளருக்கு வேலையில்லை, மேலே இருப்பவர்தான் எல்லாம். ஆட்டம் நின்று நின்று போனது, எரிச்சல் கிளம்பியது, 1991 பருவத்தோடு தூக்கிவிட்டார்கள். ஏழு வருஷம் ரீப்ளேயே இல்லை. 1998 டிசம்பரில் நியூயார்க் ஜெட்ஸ் வீரர் வின்னி டெஸ்டவெர்டி பந்தோடு எல்லைக் கோட்டை நோக்கிப் பாய்ந்தார். கோட்டைத் தாண்டியது அவருடைய தலைக்கவசம், பந்து தாண்டவில்லை. நடுவர் டச் டவுன் என்று கையைத் தூக்கினார். ஜெட்ஸ் ஒரு புள்ளியில் ஜெயித்தது. மறு வருஷமே ரீப்ளே திரும்பி வந்தது, இந்த முறை சிவப்புத் துணியோடும், எண்ணிக்கைக் கட்டுப்பாட்டோடும். விதி மாற அணி உரிமையாளர்களில் நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். ஆட்டம் இழுக்காது என்று உறுதி சொல்லித்தான் அந்த வாக்குகளை வாங்க முடிந்திருக்கும் என்பது என் ஊகம். அந்தக் காலத்தில் அது நல்ல பேரம். பேரம் முடிந்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. இனி ஜெயித்ததைக் கழிக்காதே, தெரியாததற்குத் தண்டிக்காதே என்று இரண்டு திருத்தம் செய்தால் போதும். நானே மாப்பிள்ளை பக்கம் சேர்ந்துகொள்வேன்.

கேள்வி (குடியாத்தம், கல்லூரி மாணவர்): கிரிக்கெட்டில் கேப்டனோ பேட்ஸ்மேனோ கேட்கிறார், அமெரிக்கக் கால்பந்தில் பயிற்சியாளர் கேட்கிறார். எது சரி?

பதில்: தம்பி, யார் கேட்கிறார் என்பதைவிட எதைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார் என்று பாருங்கள். கிரிக்கெட்டில் 15 விநாடி. வெளியிலிருந்து சைகை வாங்கக் கூடாது. 2017 மார்ச்சில் பக்கத்திலேயே, பெங்களூரில், ஸ்டீவ் ஸ்மித் ரிவியூ கேட்கலாமா என்று ஓய்வறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நடுவர் குறுக்கே வந்து தடுத்தார், கோலி கொதித்தார். மூளை மங்கிவிட்டது என்று ஸ்மித் பிறகு சொன்னார். அமெரிக்கக் கால்பந்தில் அதே காரியம் தவறே இல்லை. பயிற்சியாளரின் உதவியாளர்கள் உயரத்தில் அறைக்குள் உட்கார்ந்து டிவி ரீப்ளேயைப் பார்த்துவிட்டுக் காதில் சொல்வார்கள். முறையீடு என்பது அங்கே பாதி சூதாட்டம், பாதி குமாஸ்தா வேலை. எனக்குக் கிரிக்கெட் முறையில் மரியாதை அதிகம். மட்டையில் பட்டதா என்று மட்டையைப் பிடித்தவனுக்குத் தெரியும். கேட்கத் துணிவதிலேயே அவன் ஆள் எப்படி என்று தெரிந்துவிடும்.

கேள்வி (ராணிப்பேட்டை, பெயர் வேண்டாம் என்ற வாசகி): எதற்குத் துணி, எதற்குக் கணக்கு? காமிரா எல்லாவற்றையும் பார்க்கிறது. எல்லாத் தப்பையும் மேலே இருப்பவரே திருத்திவிட்டால் என்ன?

பதில்: திருத்தலாம் அம்மா, கண்ணால் பார்த்து முடிவு செய்யக்கூடிய தப்பாக இருந்தால். கால் கோட்டில் பட்டதா, பந்து தரையில் பட்டதா, முட்டி விழுந்ததா, இவையெல்லாம் காமிராவின் வேலை. "இந்த அளவு இடித்தது அதிகமா?" என்பது காமிராவின் வேலை இல்லை.

2019 ஜனவரி 20-ல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணிக்கு நடந்தது ஊரறிந்த அநியாயம். ஆட்டம் 20-20. இரண்டு நிமிடம்கூட மிச்சமில்லை. பந்து வந்து சேருமுன்பே எதிரணியான ராம்ஸின் வீரர் ஒருவர், பந்தைப் பிடிக்க நின்ற செயின்ட்ஸ் வீரரை மோதித் தள்ளினார். குற்றம் என்று காட்டும் கொடியை நடுவர் எறியவில்லை. அந்த வகைத் தீர்ப்பை ரீப்ளேயில் பார்க்க அன்று விதியே இல்லை. மேலே இருப்பவரும் கையைக் கட்டிக்கொண்டுதான் பார்த்தார். ராம்ஸ் கூடுதல் நேரத்தில் ஜெயித்து, லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலுக்குப் போனது. ஊர் கொந்தளித்ததும், அடுத்த பருவத்துக்கு மட்டும் அந்தக் குற்றத்தையும் ரீப்ளேயில் பார்க்கலாம் என்றார்கள். பயிற்சியாளர்கள் துணியை எறிந்தார்கள். பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்பினார்கள். ஒரு நடுவரின் அபிப்பிராயத்தை இன்னொரு நடுவர் டிவியில் பார்த்து மாற்றத் தயங்கினார். ஒரே வருஷம். 2020-ல் கைவிட்டுவிட்டார்கள். ஆத்திரத்தில் எழுதிய விதிக்கு ஆயுசு அவ்வளவுதான்.

என் கதை ஒன்று. 1991-ல் அணைக்கட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் இரவு வாலிபால் போட்டி. டியூப் லைட் வெளிச்சம், பூச்சி மழை. இறுதி ஆட்டத்தின் கடைசி செட்டில், அடித்த பந்து கோட்டுக்கு ஒரு முழம் வெளியே விழுந்தது. நான் அவுட் கொடுத்தேன். அடித்த அணி, எதிரில் தடுத்தவன் விரலில் பட்டுத்தான் போனது என்று சத்தியம் செய்தது. பட்டிருந்தால் புள்ளி அவர்களுக்கு. நான் ஏணி மேல் இருந்தேன், பார்க்கவில்லை. தடுத்த பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். தீர்ப்பை மாற்றவில்லை. அவனுடைய அணி கோப்பையை வாங்கியது.

பதினைந்து பதினாறு வருஷம் கழித்து வேலூரிலிருந்து டவுன் பஸ்ஸில் போகிறேன். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, குனிந்து, "மாஸ்டர், அன்றைக்கு என் சுண்டுவிரலில் பட்டது" என்றார். மீதிச் சில்லறையைக் கையில் வைத்துவிட்டுப் பின் சீட்டுக்குப் போய்விட்டார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. அன்று ஒரு காமிரா இருந்திருந்தால் அவர் அவ்வளவு காலம் அந்த விரலைச் சுமந்திருக்க வேண்டாம்.

கேள்வி (அரக்கோணம், பள்ளி கால்பந்து வீராங்கனை): நம் கால்பந்தில் பயிற்சியாளர் முறையிட முடியுமா, மாஸ்டர்?

பதில்: வந்துவிட்டது அம்மா. வீடியோ பார்க்கத் தனி நடுவர்களை வைக்கும் வி.ஏ.ஆர். முறைக்கு அறை, ஆட்கள், ஏகப்பட்ட காமிராக்கள் எல்லாம் வேண்டும், செலவு பிடிக்கும். சில காமிராக்கள் மட்டும் இருக்கும் போட்டிகளுக்காக ஃபிஃபா வேறொரு முறையை 2024-ல் சோதித்தது. அந்த வருஷம் கொலம்பியாவில் நடந்த 20 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையில் பயன்படுத்தினார்கள். பயிற்சியாளர் விரலைச் சுழற்றிக் காட்டி, நான்காவது நடுவரிடம் ஒரு அட்டையைக் கொடுக்க வேண்டும். நடுவரே திரைக்குப் போய்ப் பார்ப்பார். 2 வாய்ப்பு, ஜெயித்தால் வாய்ப்பு குறையாது. ஆம்பூர் நண்பர் இந்த வரியை வெட்டி ஹூஸ்டனுக்கு அனுப்பலாம்.

2023 மார்ச் 3-ல் பெங்களூரில் சுனில் சேத்ரி சட்டென்று ஃப்ரீ கிக் அடித்து கோல் போட்டதும், கேரளா பிளாஸ்டர்ஸ் அணி மைதானத்தை விட்டே வெளியேறியது நினைவிருக்கும். 4 கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடை. கையில் ஒரு அட்டை இருந்திருந்தால் அதைக் கொடுத்துவிட்டு நின்றிருப்பார்கள் என்று எனக்கு ஓர் எண்ணம். தீர்ப்பு மாறியிருக்கும் என்று சொல்லவில்லை. நின்றிருப்பார்கள்.

கேள்வி (பள்ளிகொண்டா பக்கத்துக் கிராமம், போட்டிக் குழுச் செயலாளர்): பொங்கலுக்கு வாலிபால் போட்டி வைக்கிறோம். போன வருஷம் ஒரு கோட்டுப் பந்துக்காக அடிதடி. இந்த முறை செல்போனில் வீடியோ எடுத்து, கேப்டன் கேட்டால் பார்க்கலாம் என்று முடிவு. முறையீட்டுக்கு 500 ரூபாய் கட்ட வேண்டும், தோற்றால் பணம் குழுவுக்கு என்று சிலர் சொல்கிறார்கள். சரியா?

பதில்: பணம் வேண்டாம். எழுத்தில் புரோட்டஸ்ட் கொடுக்கும்போது பணம் கட்டுவது பழைய வழக்கம், தெரியும். ஆனால் ஆட்டத்தின் நடுவில் பணம் கேட்டால், ஊர்ப் பெரிய மனிதர் ஆதரிக்கும் அணி ஒவ்வொரு பந்துக்கும் கேட்கும். கூலி வேலைப் பையன்களின் அணி ஒன்றுக்கும் கேட்காது. பணம் குழுவுக்குப் போகும் என்றால், குழுவுக்கே முறையீடு தோற்பதில் ஆசை வந்துவிடும்.

ஒரு செட்டுக்கு ஒரு முறை தோற்கலாம், அதற்கு மேல் கேட்க முடியாது. ஜெயித்தால் கணக்கே இல்லை. சர்வதேசப் போட்டியில் இரண்டு தோல்வி வரை விடுகிறார்கள். அவர்களிடம் காமிரா வரிசையாக இருக்கிறது, உங்களிடம் இரண்டு செல்போன். பின்கோடு இரண்டுக்கும் ஒவ்வொன்று, கோட்டுக்கு நேராக, ஸ்டாண்டில் வையுங்கள். யார் கையிலும் கொடுக்காதீர்கள், கை ஆடும், ஆளும் கட்சி கட்டுவான். பக்கக் கோடுகளுக்கு ஆளே நிற்கட்டும். பந்து உள்ளேயா வெளியேயா என்பதற்கு மட்டும் வீடியோ. விரலில் பட்டதா, வலையைத் தொட்டானா என்பதையெல்லாம் செல்போனில் பார்க்கக் கிளம்பினால் விடிந்துவிடும். ஒரு நிமிடத்துக்குள் தெரியாவிட்டால் நடுவர் சொன்னதே நிற்கும், ஆனால் கேப்டனின் வாய்ப்பு கழியாது. இதை மறக்காமல் எழுதி, ஆட்டத்துக்கு முன்பே மைக்கில் வாசித்துவிடுங்கள். கோட்டில் பட்டால் உள்ளே என்பதையும் சேர்த்து வாசியுங்கள். போன வருஷத்து அடிதடி அதற்காகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

கோட்டுக்குச் சுண்ணாம்புத் தூள் போடாதீர்கள், இரண்டாவது செட்டிலேயே அழிந்துவிடும். நாடா அடியுங்கள். எந்தத் தேதி என்று எழுதவில்லையே? காணும் பொங்கல் என்றால் எனக்கு வேலை எதுவும் இல்லை. விசில் நானே கொண்டுவருகிறேன்.